எந்தக் கால் முன்னால் வந்தது

நெட்டைக்குப் பொறாமை என்பது பசி மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். அதை அவள் மறைக்கிற ஆளும் இல்லை. பார்சல் பிரிக்கிற அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால், "நல்லாத்தான் இருக்கு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விடுவாள். சொல்லிவிட்டால் அவளுக்குப் பாதி அடங்கிவிடும். கேட்டவர்களுக்கும் பழகிவிட்டது. புதுச் சேலை, புது செல்போன் எதுவானாலும் முதலில் நெட்டையிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவள் எரிந்தால்தான் பொருள் நல்ல பொருள் என்று அர்த்தம்.

இப்படி ஊருக்கே தெரிந்த பொறாமைக்காரி, ஒரே ஒரு பொறாமையை மட்டும் பன்னிரண்டு வருஷம் வாயே திறக்காமல் வைத்திருந்தாள். அதைப் பற்றித்தான் பேச்சு.

நெட்டை கேனோ ஓட்டுகிறவள். கேனோ என்பது வாழைமட்டை அகலத்துக்கு ஒரு படகு. அதில் சாவகாசமாக உட்காரவெல்லாம் முடியாது. ஒரு முழங்காலை ஊன்றி, இன்னொரு காலை முன்னால் வைத்து, ஒரே பக்கமாகத் துடுப்பு போட வேண்டும். இடது முழங்காலை ஊன்றினவள் சாகும்வரை இடது பக்கம்தான். இருநூறு மீட்டர் தூரத்தை ஐம்பது நொடியில் முடிக்க வருஷக்கணக்காக அந்த ஒரு பக்கத்தையே இழுத்து இழுத்து, உடம்பே கோணிக்கொள்ளும். முன்னால் ஊன்றும் கால் பருத்துவிடும். நெட்டைக்கு வலது தொடை இடது தொடையைவிட இரண்டு விரற்கடை பெரிசு. அவள் அம்மா தையல் கம்பெனியில் காஜா எடுக்கிறவள். மகளுக்கு எந்த பேன்ட் வாங்கினாலும் வலது பக்கத் தையலைப் பிரித்துத் துணி வைத்துத் தைக்க வேண்டியது அவள் தலையெழுத்து. "ஒரு கால் உன்னோடது. இன்னொண்ண எவகிட்டேருந்துடி வாங்கிட்டு வந்தே" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

பள்ளிக்கூடத்தில் நெட்டைக்கு எப்போதும் கடைசி பெஞ்சு, போட்டோவில் கடைசி வரிசை. குனிந்து குனிந்தே நடந்தவள். பன்னிரண்டு வயதில் ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கு, படகுக் கழகத்துக்கு, விளையாட்டு டீச்சர் அவளைக் கூட்டிப் போனபோதுதான் உயரத்துக்கு மரியாதை கிடைக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டாள். கழகத்தை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். விழாமல் இருக்க அவளுடைய வலது கால் முன்னால் வந்து ஊன்றியது.

"வலது கால் முன்னாடி. அப்ப முட்டி இடது, துடுப்பும் இடது" என்றார். கழகத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் பக்கம் முடிவாகும். யோசித்து வைக்கிற கால் பொய் சொல்லும், தள்ளும்போது வருகிற கால்தான் நிஜம் என்பது மாஸ்டர் கட்சி. அதை ஒரு நீல நோட்டில் பேருக்கு நேராக எழுதிவைப்பார். எழுதினால் எழுதியதுதான்.

ஒரு வருஷத்தில் நெட்டைதான் அங்கே பெண்களில் முதல். மொத்தம் மூன்று பேர்தான் பெண்கள் என்பது வேறு விஷயம். முதல் என்றால் முதல்தானே.

அந்தச் சமயம் பார்த்து வந்து இறங்கினாள் பொடிசு. நெட்டையின் சித்தி மகள். இரண்டு வயது இளையவள். சித்தியும் சித்தப்பாவும் ஒரு கப்பலில் சமையல் வேலைக்குப் போனார்கள். மூன்றே மாதம் என்று சொல்லிப் பெண்ணை விட்டுப் போனவர்கள், ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி, வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமானோடு வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறவர்களாக ஆனார்கள்.

வந்த முதல் நாளே நெட்டையின் அலமாரியில் இரண்டு தட்டு பறிபோனது. சாப்பாட்டில் பெரிய துண்டு பொடிசு தட்டுக்குப் போனது. "பெத்தவங்க பக்கத்துல இல்லாத புள்ளடி" என்றாள் அம்மா. பெற்றவர்கள் பக்கத்திலேயே இருப்பது தான் செய்த குற்றமா என்று நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை அப்பா. தண்ணீர் லாரி ஓட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருகிறவர். பொடிசு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நடித்துக் காட்டியதும் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பதிமூன்று வருஷமாக மகள் பார்க்காத பல் அன்றைக்குத் தெரிந்தது.

பொடிசுக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு, எங்கே போனாலும் "அக்கா, நானும் வர்றேன்". நெட்டை அவளோடு பேசவே மாட்டாள். ஒரே அறையில் படுத்துக்கொண்டு, விளக்கை அணைக்கிறதைக்கூடச் சொல்லாமல் அணைப்பாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ஏரி ஒன்றுதான். அதற்கும் அம்மா வேட்டு வைத்தாள். "சனிக்கிழமை அவளையும் கூட்டிட்டுப் போ. வீட்டுல ஒத்தையா உக்காந்து என்ன பண்ணுவா?"

கூட்டிப் போனாள். அன்றைக்கு வெளியூர்ப் போட்டிக்குப் படகுகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மேலே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஒரு முனை, கையில் ஒரு முனை. புதிதாக வந்தவளை அங்கிருந்தே பார்த்துவிட்டு, "ஏ நெட்டை, நீயே ஒரு தள்ளு தள்ளிப் பாத்துச் சொல்லு. நோட்டு அந்தப் பெஞ்சு மேல இருக்கு" என்றார்.

நெட்டை தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளினாள். இத்தனை நாளும் தள்ள ஆசைப்பட்டவள்தானே. பொடிசு தடுமாறி, வலது காலைச் சட்டென்று முன்னால் வைத்து நின்றாள். நின்றாள் என்றால் அப்படி ஒரு நிற்பு. இடுப்பு ஆடவில்லை. முழங்கால் சரியாக வளைந்து, முதுகு நேராக. ஒரு வருஷம் பழகினவர்களுக்கே அந்த நிற்பு வராது. நெட்டைக்கு வந்ததில்லை.

"என்ன காலு?" என்று மேலேயிருந்து மாஸ்டர் கத்தினார்.

"இடது" என்றாள் நெட்டை.

அவ்வளவுதான். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. தப்பான பக்கம் உட்கார்ந்தால் படகு கவிழும், நாலு தடவை தண்ணீரில் விழுவாள், அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. பதிமூன்று வயதுக்கு அதற்கு மேல் எட்டவில்லை. நீல நோட்டில் பொடிசு பேருக்கு நேராக 'முன்கால் இடது, துடுப்பு வலது' என்று தன் கையாலேயே எழுதினாள். பொடிசு பக்கத்தில் நின்று கைமண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பொடிசு முதல் மாதத்தில் நாற்பத்தொரு தடவை விழுந்தாள். நெட்டை எண்ணினாள். நாற்பத்தொரு தடவையும் மூக்கில் தண்ணீர் ஒழுக, சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். நாற்பத்திரண்டாவது தடவை விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இரட்டைப் படகுக்கு ஒரு இடதும் ஒரு வலதும் வேண்டும். அப்போதுதான் படகு நேராகப் போகும். கழகத்தில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் இடது. மாஸ்டர் கையைத் தட்டி, "எனக்கு வலதுக்கு ஆளே இல்லாம இருந்துச்சு. இப்ப கெடச்சாச்சு. நெட்டையும் பொடிசும் ஒரு படகு" என்றுவிட்டார். யாரை விரட்டப் பொய் சொன்னாளோ அவளையே கொண்டுவந்து அந்தப் பொய் மடியில் உட்காரவைத்தது. பேசாமல் இருந்து பழகிய நெட்டை இப்போது பேசித்தான் ஆக வேண்டும். பின்னால் இருப்பவள்தான் படகைத் திருப்புகிறவள், குரல் கொடுக்கிறவள். "குனியாத", "இழு", "அவசரப்படாத சனியனே", "தூங்குறியா" என்று கத்தினாள். நாள் முழுக்கக் கத்தினாள்.

பொடிசு முன்னால், நெட்டை பின்னால். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பத்து வருஷத்துக்கு வேண்டிய வயிற்றெரிச்சல் இருந்தது. முன்னால் இருப்பவளின் துடுப்பு அள்ளித் தெறிக்கிற தண்ணீர் முழுவதும் பின்னால் இருப்பவள் முகத்தில்தான் விழும். பத்திரிகையில் படம் வந்தால் பொடிசு பல்வரிசை தெரியும், நெட்டைக்கு ஒரு காதும் பாதி முழங்கையும் தெரியும். பேரும் அவள் பேர்தான் முதலில். எல்லாவற்றுக்கும் மேலே, படகு முடிவுக் கோட்டைத் தாண்டும்போது பொடிசு ஒன்றரை மீட்டர் முன்னால் இருப்பாள். ஒரே படகு, ஒரே நேரம், ஒரே தங்கம். ஆனாலும் அவள் முன்னால்தானே தாண்டினாள்? இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள். அலுவலகத்தில் படத்தைப் பார்த்து, "முன்னாடி இருக்கிறது யாரு?" என்று கேட்பார்கள். "எங்க சித்தி பொண்ணு" என்பாள். கேட்கிறவர்கள், "அப்ப தங்கச்சின்னு சொல்லு" என்பார்கள். "சித்தி பொண்ணு" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இரட்டைப் படகில் அவர்கள் நான்கு வருஷம் தொடர்ந்து நாட்டிலேயே முதல். தனிப் படகில் நெட்டை இரண்டு தடவை தங்கம். பொடிசுக்குத் தனிப் படகில் நாலாவது, ஐந்தாவது, ஒருமுறை மூன்றாவது. அப்பா நெட்டையின் தங்கத்தை, ஒரு வாரம் இருக்கட்டும் என்று, தண்ணீர் லாரியின் கண்ணாடியில் தொங்கவிட்டார். நெட்டை அதை மூன்றாம் நாளே கழற்றிக் கொண்டுவந்து டிராயரில் போட்டுப் பூட்டினாள். தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான் வரும். பொடிசு இடது பக்கம் உட்கார்ந்திருந்தால்?

உடம்பு வாய் மூடிக்கொண்டு இருக்காது. பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டு போவார்கள். டிரைவர் பிரேக் போட்டால் பொடிசின் வலது கால்தான் முன்னால் பாயும். மாஸ்டரும் கூட வருகிற நாளில், பிரேக் போடுவதற்கு முன்னாலேயே நெட்டை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள், அடடா, அக்காவுக்குத்தான் எவ்வளவு பாசம் என்பார்கள். பொடிசும் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொள்வாள்.

பதினோராவது வருஷம் மாஸ்டர் ஒரு கேமரா வாங்கினார். எல்லோரையும் படம் எடுத்து, டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பொடிசு படத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் தாடியைச் சொறிந்தார்.

"இவ இடுப்பு ஏன் வீட்டுக்குப் போற வழிய பாத்துட்டே இருக்கு? இவ நெசமாவே வலதுதானா? ஏம்மா, எந்திரி. திரும்பி நில்லு."

நெட்டை டிவி ரிமோட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றாள். மாஸ்டர் பொடிசைப் பின்னாலிருந்து தள்ளினார். இடது கால் முன்னால் வந்தது.

"சரிதான். அப்ப ஒடம்பே அப்படித்தான் போல" என்று மாஸ்டர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். நெட்டைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் பாயும் காலை வசதியாக மறந்துவிட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில் காலே மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மாறிவிட்டது என்றால், தான் சொன்ன பொய்யும் பொய் இல்லையே என்றுகூட நினைத்துப் பார்த்தாள். மனுஷ மனசுக்குச் சாமர்த்தியம் கொஞ்சமா?

அடுத்த வருஷம் வெளிநாட்டில் பெரிய போட்டி. தனிப் படகில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். தேர்வு நாளில் ஏழு பேர் ஓட்டினார்கள். நெட்டை ஐம்பதரை நொடியில் முதல். பொடிசு அரை நொடி பின்னால், இரண்டாவது. அவ்வளவு கிட்டத்தில் பொடிசு அதற்கு முன் வந்ததே இல்லை. கரைக்கு வந்ததும் ஈரக்கையோடு கட்டிப்பிடித்து, "போயிட்டு வாக்கா. அங்க ஏரி எப்படி இருக்குன்னு வந்து சொல்லு" என்றாள். அம்மா இரண்டு புது பேன்ட் தைத்தாள். நெட்டை போனாள், அரையிறுதியில் ஏழாவதாக வந்தாள், ஒரு சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். அங்கே ஜெயித்தவளைப் பார்த்துக்கூட அவளுக்குப் பொறாமை வரவில்லை. அரை நொடி பின்னால் வந்தவள் முகம்தான் வழி முழுக்க வந்துகொண்டிருந்தது.

வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. நேரம் மாறிப்போனதில் தூக்கம் பிடிக்கவில்லை. திங்கள் விடிந்ததும் எழுந்து பார்த்தால் பொடிசு படுக்கை காலி. திங்கட்கிழமை கழகத்துக்கு விடுமுறை, மாஸ்டர் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். நெட்டைக்கு அன்றைக்கு எப்போதும் அதிகாலை ஷிஃப்ட். கொட்டகைச் சாவி பொடிசிடம்தான் இருக்கும், திங்கட்கிழமை அவள்தான் போய்ப் பெருக்குவாள். லீவு இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று நெட்டையும் பஸ் ஏறி ஏரிக்குப் போனாள்.

தண்ணீரில் ஒரே ஒரு படகு. இருநூறு மீட்டர் ஆரம்பிக்கிற கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவள் இடது முழங்காலை ஊன்றியிருந்தாள். துடுப்பு இடது பக்கம். யாரோ புதிதாக வந்தவள் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் நெட்டை கைக்கடிகாரத்தில் நேரம் போட்டாள்.

படகு கிளம்பியது. முதல் மூன்று இழுப்பிலேயே நெட்டைக்கு முதுகு அடையாளம் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பார்த்த முதுகு, அந்தப் பிடரி மச்சம்வரை அவளுக்கு மனப்பாடம். ஆனால் இப்படி அது போய் அவள் பார்த்ததில்லை. இடுப்பு கோணவில்லை, படகு ஆடவில்லை. படகு முடிவுக் கம்பத்தைத் தாண்டியது. கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தெட்டே கால்.

பொடிசு படகைத் துறைக்குத் திருப்பினாள். அக்கா நிற்பதைப் பார்த்தாள். படகைக் கட்டிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள் நெட்டை.

"திங்கக்கிழமை மட்டும்தான். சாவி என் கைக்கு வந்ததுலேருந்து. ஆறு வருஷம் இருக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"நீ தள்ளினப்ப என் எந்தக் காலு முன்னாடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கா? நீ நோட்டுல எழுதினதையும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்."

"அப்ப மாஸ்டர் கேமரா வாங்கினப்ப?"

"திரும்பி நில்லுன்னாரு. நான் இடது கால வச்சேன்."

நெட்டை கைக்கடிகாரத்தை மறுபடியும் பார்த்தாள். "தேர்வு அன்னைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தா நீதான போயிருப்ப?"

"அன்னைக்குக் காத்து எப்படியோ, யாரு கண்டா."

"பொய் சொல்லாத."

"நீ மட்டும் சொல்லலாமா?"

நெட்டை துறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது, அவமானம் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாழாய்ப்போன பொறாமை வந்தது. வேகத்திலும் இவள் மேலே, பெருந்தன்மையிலும் இவளே மேலே என்றால் தனக்கென்று என்னதான் மிச்சம்?

"ஏன்டி சொல்லல? பன்னண்டு வருஷம்டி."

பொடிசு பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "இடதுன்னா உன்கூட ஒரே படகுல உக்கார முடியாதேக்கா" என்றாள். "நான் வந்து ரெண்டு மாசம் நீ என்கூட ஒரு வார்த்தை பேசல. பெரியம்மா பேசுவாங்க, பெரியப்பா சிரிப்பாரு. விளக்க அணைச்சதும் ரூமுல நீயும் நானும்தான். நீ பேச மாட்ட. படகுல போட்டதுக்கப்புறம்தான் பேசின. இழு, குனியாத, தூங்குறியான்னு."

"அதெல்லாம் திட்டுடி."

"திட்டுதான். என்னைத்தான திட்டின."

இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். வழியில் டிரைவர் இரண்டு தடவை பிரேக் போட்டார். பொடிசின் வலது கால் இரண்டு தடவை முன்னால் பாய்ந்தது. நெட்டை பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கழகத்தில் எல்லோரும் இருந்தார்கள். நெட்டை நேராகப் போய், "மாஸ்டர், அந்த நீல நோட்ட எடுங்க" என்றாள். அவர் எடுத்து வருவதற்குள், படகு துடைத்துக்கொண்டிருந்த பொடிசின் பின்னால் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தள்ளு தள்ளினாள். பொடிசு வலது காலை ஊன்றி நின்றாள். பதினோரு வயதில் நின்ற அதே நிற்பு.

"என்ன காலு மாஸ்டர்?"

மாஸ்டர் காலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இந்தக் காலுதான் வந்துச்சு. நான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்" என்றாள் நெட்டை. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாள். பன்னிரண்டு வருஷம் தாமதமாகச் சொன்னதாலோ என்னவோ, இந்தத் தடவை பாதிகூட அடங்கவில்லை.

மாஸ்டர் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டில் இருந்ததைக் குறுக்கே அடித்து, புதிதாக எழுதினார். "எழுத ஒரு நிமிஷம் ஆச்சு. இவ முதுகெலும்புக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டு, "சரி. ரெண்டு பேரும் இடது. ரெட்டப் படகு இதோட முடிஞ்சுது" என்றார்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பொடிசு முகம் அப்போதுதான் விழுந்தது. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பதினோரு வயதில் பெட்டியோடு வாசலில் நின்றபோது இந்த முகத்தோடுதான் நின்றாள். அன்றைக்கு நெட்டை பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போனவள்.

"நான் வலதுக்கு மாறிக்கிறேன்" என்றாள் நெட்டை.

"இருபத்தஞ்சு வயசுலயா? அம்மா தாயே, ஒண்ணாங்கிளாஸ்ல போய் மறுபடியும் உக்காரணும். மூணு வருஷம் ஆகும். தனிப் படகயும் மறந்துட வேண்டியதுதான்."

"ஆகட்டும். ஆனா ஒண்ணு." நெட்டை பொடிசு பக்கம் திரும்பினாள். "முன்னாடி நான்தான் உக்காருவேன்."

மூன்று வருஷம்தான் ஆனது. முதல் மாதத்தில் நெட்டை ஐம்பத்து மூன்று தடவை விழுந்தாள். பொடிசு கரையில் உட்கார்ந்து எண்ணினாள், சத்தமாக. இருபத்தைந்து வயதுப் பெண், இரண்டு தங்கம் வாங்கினவள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே மூக்கில் தண்ணீர் ஒழுக மேலே வருவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா இடது பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். "இப்ப இந்தக் கால யாருகிட்ட வாங்கின?" என்றாள். பொடிசு இடது பக்கம் உட்கார்ந்து அந்த வருஷமே தனிப் படகில் தங்கம் வாங்கினாள், அடுத்த வருஷமும் வாங்கினாள், வெளிநாட்டுக்கும் போய் வந்தாள். நெட்டை ஒவ்வொரு தடவையும், "எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "தெரியும்க்கா" என்று பொடிசு தங்கத்தைக் கழற்றி அவள் டிராயரிலேயே போட்டாள்.

மூன்றாவது வருஷக் கடைசியில் இருவரும் மறுபடியும் ஒரே படகில் போட்டிக்கு இறங்கினார்கள். நெட்டை முன்னால், பொடிசு பின்னால். நான்காவதாக வந்தார்கள். கரையில் பொடிசு சட்டையைப் பிழிந்துகொண்டே, "மூஞ்சி பூரா தண்ணி. கண்ணே தெரியல. இத்தனை வருஷம் எப்படிக்கா தாங்கின?" என்றாள்.

"உன்ன திட்டிட்டே வந்தேன்ல, தெரியல" என்றாள் நெட்டை.

அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. நாலாவது இடத்துக்குப் படம் போடுவதே பெரிய விஷயம். முதன்முறையாக நெட்டை முன்னால். கண் இறுக்கி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, தண்ணீர் வழிகிற முகத்தோடு, பொடிசு பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள். நெட்டை அதை வெட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், ஷிஃப்ட் பட்டியல் ஒட்டியிருக்கும் பலகையில் குத்திவைத்தாள்.

"பின்னாடி இருக்கிறது யாரு?" என்று அந்தப் புதுச் செருப்புக்காரி கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றாள் நெட்டை. "எப்படி இருக்கா பாரு. வயித்தெரிச்சலா இருக்கு."

சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனாள்.